காணாமல் போன நூற்று முப்பத்தெட்டு யூனிட்

டிசம்பர் 13, சனிக்கிழமை. காலை 9.10.

போத்தனூரில் ஒரு வீட்டில் திருட்டு போயிருந்தது. பூட்டு உடைபடவில்லை, பீரோ கலையவில்லை, போன பொருளை யாரும் கண்ணால் பார்த்ததும் இல்லை. போனது நூற்று முப்பத்தெட்டு யூனிட் மின்சாரம்.

கண்டுபிடித்தவன் அந்த வீட்டுப் பிள்ளை ரிஃபத். வயது முப்பத்து நான்கு, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, எதையும் கம்ப்யூட்டரில் கணக்குக் கட்டம் போட்டுப் பார்த்தால்தான் நம்புவான். செப்டம்பரில் ஒரு வாரம் லீவு போட்டு வந்து, அத்தா தனியாக இருக்கும் கீழ் வீட்டைத் தலைகீழாக மாற்றிவிட்டுப் போயிருந்தான். குழல் விளக்குகள் போய் எல்.இ.டி. வந்தது. பாதி மின்சாரத்தில் சுற்றும் புது ஃபேன்கள் வந்தன. இருபது வருடத்து ஃபிரிட்ஜ் பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏறியது. அந்த இடத்தில் ஐந்து நட்சத்திர ஃபிரிட்ஜ் வந்து உட்கார்ந்தது. இனி இரண்டு மாதத்துக்கு நானூற்று முப்பது யூனிட்டுக்கு மேல் போகாது என்று அவன் கட்டம் சொன்னது. மீட்டர் சொன்னது ஐந்நூற்று அறுபத்தெட்டு.

ஐந்நூறைத் தாண்டாத வரைக்கும் கரண்ட் பில் சாதுவான பிராணி. தாண்டிவிட்டால் கீழ்ப்படியில் இருந்த யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறிக்கொள்ளும். ரிஃபத்துக்கு அந்தப் பணம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. தன் கட்டம் தப்பாது என்ற நம்பிக்கைதான் அவனுக்குப் பெரிது. கட்டம் தப்பவில்லை என்றால் யாரோ எடுத்திருக்க வேண்டும். மாடியில் இன்னொரு குடும்பம் வாடகைக்கு இருந்தது.

டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. காலை 10.30.

ரிஃபத் வரச் சொல்லியிருந்த நாச்சியம்மாள் சிங்காநல்லூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பம்ப் மோட்டார் கம்பெனியின் சோதனைக் கூடத்தில் பதினான்கு வருடம் நின்றவர். எந்த மோட்டார் எவ்வளவு தின்கிறது, தின்றதற்கு வேலை செய்கிறதா என்று பார்ப்பது அங்கே அவர் வேலை. இப்போது அதையே வீடுகளுக்குச் செய்கிறார். கரண்ட் எங்கே வீணாகிறது என்று தேடிச் சொல்வார். பத்து வீட்டில் ஒன்பது வீட்டில் குற்றவாளி தண்ணீர்த் தொட்டி மோட்டாராகவோ பழைய ஃபிரிட்ஜாகவோ இருக்கும். பத்தாவது வீட்டில் மனிதர்களாக இருப்பார்கள். அந்தப் பத்தாவது வீடு என்றால் அவருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பயம்.

வீட்டுக்காரர், ரிஃபத்தின் அப்பா பீர் முகம்மது, அறுபத்தொன்பது வயது. ஒப்பணக்கார வீதியில் ஜவுளிக்கடையில் முப்பத்தாறு வருடம் துணி அளந்து கிழித்துக் கொடுத்தவர். கரண்ட் விஷயத்தில் அவரைப்போல ஒரு கறாரான மனிதரை நாச்சியம்மாள் பார்த்ததில்லை. ஒரு அறையை விட்டு அவர் வெளியே கால் வைப்பதற்குள் பின்னால் விளக்கு அணைந்தது. டி.வி. பிளக் பிடுங்கிக் கிடந்தது. போன் சார்ஜர் பிடுங்கிச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் இருந்தது. இப்படிப்பட்டவர் வீட்டில் நூற்று முப்பத்தெட்டு யூனிட் கூடுதலாகப் போயிருக்கிறது என்றால் ரிஃபத் சந்தேகப்படுவதில் தப்பில்லை என்றே அவருக்குத் தோன்றியது.

ஹால் சுவரில் மூன்று பொருள்கள் தொங்கின. ஒரு காலண்டர். பள்ளிவாசலில் கொடுத்த தொழுகை நேர அட்டை. ஷார்ஜாவில் இருக்கும் மகள் ஃபர்சானாவின் இரண்டு குழந்தைகள் சிரிக்கும் படம். அந்தப் படத்துக்கு ஒரு கதை இருந்தது. ஃபர்சானாவின் இரண்டாவது பிரசவத்துக்கு மூன்று மாதம் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லித்தான் பீர் முகம்மதின் மனைவி மெஹராஜ் ஷார்ஜா போனார். மகள் வேலைக்குத் திரும்பினாள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை, மூன்று மாதம் பதினேழு மாதமாகிவிட்டது. இதைச் சொல்லும்போது பீர் முகம்மது படத்தில் இருந்த தூசியை விரலால் துடைத்தார். அங்கே தூசி இல்லை.

நாச்சியம்மாள் ஒவ்வொரு பொருளாகப் பார்த்து வந்தார். மோட்டார் சரி, ஃபிரிட்ஜ் சரி. ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருந்தது.

"கீசர் போடறதுண்டுங்களா, பாய்?"

"நான் எப்பவும் பச்சத் தண்ணியிலதானுங்க குளிக்கிறது, அம்மணி."

கீசர் இருந்தது மெஹராஜின் அறையை ஒட்டிய பாத்ரூமில். அந்த அறை பூட்டியிருந்தது. சாவி பீர் முகம்மதின் சட்டைப் பையில் இருந்தது. திறந்து காட்டினார். கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. பாத்ரூமில் இருபத்தைந்து லிட்டர் கீசர், ஒரு வாளி, மெஹராஜ் உட்காருகிற மணைப்பலகை. கீசர் சுவிட்சை அணைத்து, அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. செப்டம்பரில் தானே ஒட்டியதாகவும், ஆளில்லாத பாத்ரூமில் யாரும் தெரியாமல்கூடப் போட்டுவிடக் கூடாதென்று செய்ததாகவும், வாரக் கடைசி லீவுக்கு வந்திருந்த ரிஃபத் பெருமையாகச் சொன்னான்.

நாச்சியம்மாள் டேப்பைப் பார்த்தார். ஒரு முனை கட்டைவிரல் அகலத்துக்கு, விளிம்பு பிசகாமல் உள்பக்கம் மடித்திருந்தது. பிறகு குழாயைப் பார்த்தார். போத்தனூர் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். ஒரு மாதம் திறக்காத குழாயின் வாயில் வெள்ளையாகப் படிந்துவிடும். இந்தக் குழாய் வாய் பளிச்சென்று இருந்தது. ஜன்னலுக்கு வெளியே, பாத்ரூம் சுவரை ஒட்டி ஒரு மருதாணிச் செடி கறுகறுவென்று தழைத்திருந்தது. அது தன்பாட்டுக்கு வளருகிறது என்றார் பீர் முகம்மது. நாச்சியம்மாள் எதையும் எழுதிக்கொள்ளவில்லை, கேட்கவும் இல்லை.

அத்தா காதில் விழாமல் ரிஃபத் அவரை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனான். மாடியில் குடியிருப்பவர் பிரான்சிஸ். சிங்காநல்லூர் பக்கம் நூல் மில்லில் முதல் ஷிப்ட். மனைவி அன்புக்கரசி வீட்டிலேயே துணி தைக்கிறார். மகள் பத்தாம் வகுப்பு, மார்ச்சில் பொதுத்தேர்வு, பள்ளிக்கூடம் இரண்டு வீதி தள்ளி. அவர்களுக்குத் தனி மீட்டர் இருந்தது. ஆனால் வயர்கள் எல்லாம் சுவருக்குள் போகின்றன, உள்ளே யார் எதில் எதைச் சேர்த்தார்கள் என்று யாருக்குத் தெரியும் என்றான் ரிஃபத். அத்தாவுக்கு அந்தக் குடும்பம் என்றால் உயிர். அதனால் நிச்சயமாகத் தெரியும் வரை அவர் காதுக்குப் போக வேண்டாம். தெரிந்துவிட்டால் ஜனவரிக்குள் காலி செய்யச் சொல்லிவிடுவான்.

பரீட்சைக்கு முன்னாலா என்று நாச்சியம்மாள் கேட்டார். திருடும்போது பரீட்சை ஞாபகம் இருந்திருக்க வேண்டும் என்றான் ரிஃபத்.

கீழ் வீட்டு மெயின் வயரில் நாச்சியம்மாள் ஒரு சின்னக் கருவியை மாட்டினார். வயரைச் சுற்றிக் கவ்விக்கொண்டு, எந்த நிமிடத்தில் எவ்வளவு கரண்ட் போகிறது என்று அது எழுதிக்கொண்டே இருக்கும். மூன்று வாரம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. காலை 11.00.

முதல் வாரக் கணக்கு ரிஃபத்தின் போனுக்கு வந்தது. அடுத்த நிமிடம் நாச்சியம்மாளின் போன் அடித்தது.

திருடன் அகப்பட்டுவிட்டான் என்றான் ரிஃபத். 15ஆம் தேதி விடியற்காலை 4.54க்கு இரண்டாயிரம் வாட் சட்டென்று ஏறுகிறது. 6.04க்கு இறங்குகிறது. தினமும் இதே கதை. ஒரு நாளைக்கு இரண்டே கால் யூனிட்டுக்குச் சற்று மேலே, அறுபது நாளைக்குப் பெருக்கினால் நூற்று முப்பத்தெட்டு வந்து நிற்கிறது. அத்தாவோ எழுந்ததும் வெளிப் பாத்ரூமில் பச்சைத் தண்ணீரில் முகம் கைகால் கழுவிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்விடுகிறவர். மாடியில் பிரான்சிஸின் அலாரம் அடிப்பது 4.50க்கு. அது கீழ் வீடு வரைக்கும் கேட்கும். அவர்கள் வீட்டில் வெந்நீர் ராடு இருப்பதை அவனே பார்த்திருக்கிறான்.

நாச்சியம்மாளும் அந்த ராடைப் பார்த்திருந்தார். அதன் கைப்பிடியில் ஆயிரத்து ஐந்நூறு வாட் என்று போட்டிருந்தது. இரண்டாயிரத்தை ஆயிரத்து ஐந்நூறு எப்படித் தின்னும் என்று கேட்டார். அப்படியானால் எங்காவது கீசர் ஒளித்து வைத்திருப்பார்கள் என்றான். இன்றைக்கு மில் லீவு, இன்றைக்கும் கரண்ட் ஏறியிருக்கிறதே என்றார். பிரான்சிஸின் மனைவி போட்டிருப்பார் என்றான். ரிஃபத்திடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. இன்னும் இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னார் நாச்சியம்மாள்.

டிசம்பர் 27, சனிக்கிழமை. மதியம் 12.15.

கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வந்த நாச்சியம்மாளைப் படியிலேயே நிறுத்தி, அன்புக்கரசி கிறிஸ்துமஸ் கேக் கொடுத்தார். பண்டிகைக்கு ஆனைமலையில் அம்மா வீட்டுக்குப் போயிருந்ததாகவும், 24ஆம் தேதி சாயங்காலம் போய் 26 ராத்திரிதான் திரும்பியதாகவும் சொன்னார். மாடி வீட்டில் இரண்டு நாள் ஈ காக்கை இல்லை.

25ஆம் தேதி விடியற்காலையிலும் இரண்டாயிரம் வாட் ஏறியிருந்தது. 26ஆம் தேதியும் ஏறியிருந்தது.

இதை நாச்சியம்மாள் போனில் ரிஃபத்திடம் சொன்னார். அப்படியானால் டைமர் வைத்திருப்பார்கள் என்றான். மனிதன் இல்லாவிட்டாலும் தானாக ஏறி இறங்கும் சுவிட்ச் இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறதாம். ஜனவரி 4ஆம் தேதி தான் நேரில் வருவதாகவும், அன்றைக்கே பேசி முடித்துவிடப் போவதாகவும் சொல்லிப் போனை வைத்தான்.

ஜனவரி 3, சனிக்கிழமை. மாலை 6.40.

சிங்காநல்லூரில் தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, நாச்சியம்மாள் கரண்ட் ஏறிய நேரங்களை மட்டும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதினார். கம்ப்யூட்டர் படத்தில் எல்லா நாளும் ஒரே மாதிரி மேடாகத் தெரிந்தது. கையால் எழுதும்போது வேறாகத் தெரிந்தது. 4.54. 4.54. 4.55. 4.55. 4.56. அப்படியே போய், நேற்று 5.03, இன்று 5.03.

இருபது நாளில் ஒன்பது நிமிடம் தள்ளிப் போயிருந்தது. ஒரு நாள்கூடப் பின்னுக்கு வரவில்லை.

நாச்சியம்மாள் பேனாவை மூடினார். மடித்த டேப்பும், உப்புப் படியாத குழாயும், அந்தப் பச்சைத் தண்ணீர்ப் பதிலும் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அன்புக்கரசிக்குப் போன் போட்டு, மெஹராஜின் ஷார்ஜா நம்பரை வாங்கினார். மெஹராஜிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பதில் கிடைத்தது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அந்த அம்மாள் திருப்பிக் கேட்டதற்கு, நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். அதன்பிறகு அவருக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை.

அவரிடம் இப்போது விடை இருந்தது. சொல்லாவிட்டால் ஒரு குடும்பம் வீட்டை விட்டுப் போக வேண்டும். சொன்னால் ஒரு மனிதரிடம் மிச்சமிருக்கும் ஒன்றே ஒன்றும் போய்விடும். காலையில் பீர் முகம்மதைத் தனியாகப் பார்த்துப் பேசிவிடலாம் என்று எண்ணிக்கொண்டார்.

ஜனவரி 4, ஞாயிற்றுக்கிழமை. காலை 10.05.

நாச்சியம்மாள் போய்ச் சேருவதற்குள் ரிஃபத் முந்திக்கொண்டான். ஹாலில் பிரான்சிஸும் அன்புக்கரசியும் நின்றிருந்தார்கள். மாத முடிவுக்குள் காலி செய்ய வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது. காரணமும் சொல்லியாகிவிட்டது. பிரான்சிஸ் முகம் செத்துப்போயிருந்தது. நாற்காலியில் இருந்த பீர் முகம்மது, இப்போதுதான் முதல்முறையாக விஷயம் தெரிந்து, மகனையும் பிரான்சிஸையும் மாறி மாறிப் பார்த்தார். வாயைத் திறந்தார். அதற்குள் பிரான்சிஸ் பேசிவிட்டார்.

"பதினோரு வருசம் இருக்கறோமுங்க," என்றார் பிரான்சிஸ். "காலி பண்ணச் சொன்னாப் பண்ணிக்கிறோம். திருடுனோம்னு மட்டும் சொல்லாதீங்க."

நாச்சியம்மாள் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"தம்பி, மில்லுச் சங்கு நவுருமுங்களா?"

ரிஃபத் புரியாமல் பார்த்தான்.

"மில்லுச் சங்கு வருசம் பூரா ஒரே நேரந்தான். இவரோட அலாரமும் அப்படித்தான். டைமர் வெச்சாலும் வெச்ச நேரத்துலதான் ஏறும். உங்க திருடன் மட்டும் ரெண்டு நாளைக்கு ஒரு நிமிசம் நவுந்துட்டே போறாருங்க. 15ஆந் தேதி 4.54. இன்னிக்கு 5.04. மேல இருக்கறவங்க ஊர்ல இல்லாதப்பவும் நவுந்திருக்குது."

அவர் எழுந்து போய், ஆணியில் தொங்கிய தொழுகை நேர அட்டையைக் கழற்றி வந்தார். நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். டிசம்பர் 15, விடியற்காலைத் தொழுகைக்கு அழைக்கிற சுபுஹு பாங்கு 5.19. ஜனவரி 4, சுபுஹு பாங்கு 5.29. ஒவ்வொரு நாளுக்கும் பாங்கு நேரத்தில் இருபத்தைந்து நிமிடத்தைக் கழித்தால் கருவி எழுதிய நேரம் வந்தது. இருபத்தொரு வரியிலும் வந்தது.

ரிஃபத்துக்குத் தொழுகை நேரத்தைப் போன் சொல்லிவிடும், அதுவும் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மட்டும். அந்த அட்டையின் கீழே உட்கார்ந்துதான் அவன் கட்டமெல்லாம் போட்டான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீங்க ஒட்டுன டேப்பு முனை மடிச்சிருக்குதுங்க, தம்பி. தெனமும் எடுத்து ஒட்டறவங்கதான் புடிச்சு இழுக்க வாகா மடிச்சு வெப்பாங்க. அளவு பிசகாம மடிக்கிறது துணிக்கடைக் கை. பதினேழு மாசமா ஆரும் தொடாத கொழாயில உப்புப் படியல. செடிக்கு ஆரும் தண்ணி ஊத்தறதில்ல, ஆனா தழைஞ்சு நிக்குது. கீசர் போடறீங்களான்னு நான் கேட்டேன். பச்சத் தண்ணியில குளிக்கிறேன்னு பதில் வந்துச்சு. அது நெசந்தான். ஆனா நான் கேட்டது அது இல்லீங்களே." நாச்சியம்மாள் குரலைத் தணித்துக்கொண்டார். "பாய், மீதிய நீங்களே சொல்லீர்றீங்களா?"

பீர் முகம்மது முதலில் பிரான்சிஸைப் பார்த்தார். தன்னால் இவர்களுக்கு இந்தப் பேச்சு வந்ததே என்று அவருக்கு உடம்பு கூசியது.

"நாந்தானுங்க போடறேன்," என்றார். "மெஹராஜுக்கு முழங்கால் வலி. தொழுகைக்கு முன்னால பச்சத் தண்ணியில கைகால் கழுவி ஒளு செஞ்சா கால் மடக்க முடியாது. இருவது வருசமா பாங்குக்கு முன்னால நான் எந்திரிச்சு கீசரப் போட்டு, வாளியில தண்ணி புடிச்சு, பலகையப் போட்டு வெச்சுட்டுப் பள்ளிக்குப் போவேன். அதுக்கப்புறம் அவ எந்திரிப்பா. இன்னும் வேணுமின்னா புடிச்சுக்கட்டும்னு, திரும்பி வந்துதான் அணைப்பேன்."

சட்டைப் பையில் இருந்த அந்த அறைச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அவ போன மறுநா போடாமத்தான் போனேன். பள்ளியில வரிசையில நிக்கறப்ப ஊட்டுல ஆருமில்லைங்கறது மட்டுந்தான் நெனப்புல இருந்துச்சு. அடுத்த நா போட்டுட்டுப் போனேனுங்க. போயிட்டு வர்ற வரைக்கும் அவ உள்ள இருக்கற மாதிரி இருந்துச்சு. திரும்பி வந்து கதவத் தொறந்தா, வாளி வெச்சது வெச்சபடி ஆறிப்போயி நிக்கும். செடிக்கு ஊத்திருவேன். அது பரவால்லீங்க. போயிட்டு வர்ற அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் போதும்."

ஒரு பல்பு எரிகிற மாதிரிதான் இருக்கும் என்று நினைத்துவிட்டதாகச் சொன்னார். இந்த வீட்டில் இருக்கிற அத்தனை பல்பையும் ஒன்றாக எரியவிட்டாலும் அந்தக் கீசரில் பத்தில் ஒரு பங்குகூட வராது என்றார் நாச்சியம்மாள். விளக்கை அணைத்து, சார்ஜரைச் சுருட்டி, இருட்டில் உட்கார்ந்து அவர் சேர்த்ததெல்லாம் ஒரு வாளித் தண்ணீரில் போயிருந்தது.

"அம்மாவ வரச் சொல்லியிருக்கலாமே, அத்தா," என்றான் ரிஃபத். அவன் குரல் கட்டத்துக்குள் அடங்கவில்லை.

"ஃபர்சானா ரெண்டு கொழந்தைய வெச்சுக்கிட்டு வேலைக்கும் போகுது. நான் எப்படிடா கூப்பிடுவேன்?"

10.40. பீர் முகம்மதின் போன் அடித்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், போனை எப்போதும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரித்தான் வைப்பார். மெஹராஜ்.

"ஏனுங்க, நேத்து ஒரு அம்மணி கூப்பிட்டு, கீசர ஆரு போடுவாங்கன்னு கேட்டாங்க. நீங்கதான்னு சொன்னேன். அப்பறம் எனக்குத் தூக்கமில்ல. இப்பவும் போடறீங்களா?"

பீர் முகம்மது ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மெஹராஜுக்கு அதுவே பதிலாக இருந்தது.

"இங்க கொழாயத் தொறந்தாப் போதும், எந்நேரமும் சுடுதண்ணி. ஆரும் எனக்காக எந்திரிச்சு சுவிச்சுப் போட வேண்டியதில்ல. தெனமும் கொழாயத் தொறக்கறப்ப எனக்கு அதுதானுங்க கஷ்டமா இருக்குது." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "வான்னு ஒரு வார்த்த நீங்க சொல்லவே இல்லீங்களே. நீங்க சொல்லாம நான் எப்படிங்க கெளம்புவேன்?"

பீர் முகம்மது போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வா, மெஹராஜ்," என்றார்.

அன்புக்கரசி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாடிப்படி ஏறிவிட்டார். ரிஃபத் பிரான்சிஸின் முன்னால் போய் நின்றான். மன்னிப்பு என்ற சொல்லை அவன் முன்பே கொஞ்சம் பழகி வைத்திருக்கலாம், தட்டுத் தடுமாறித்தான் வந்தது. பிரான்சிஸ் அவன் கையைப் பிடித்தார், ஆனால் உடனே சிரிக்கவில்லை. அது ஆற நாளாகும் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்தது. அடுத்து ரிஃபத் பாத்ரூமுக்குப் போய் டேப்பை உரித்து எடுத்து வந்து குப்பைக் கூடையில் போட்டான்.

நாச்சியம்மாள் கீசரைத் திறந்து, உச்சத்தில் இருந்த சூட்டுத் திருகைப் பாதிக்குக் குறைத்தார். பாங்குக்குக் கால் மணி முன்னால் போட்டாலே ஒளுவுக்குப் போதுமான சூடு வந்துவிடும், வாளி பிடித்ததும் அணைத்துவிட்டுப் பள்ளிக்குப் போக வேண்டும், அப்படிச் செய்தால் தினம் அரை யூனிட், மொத்தம் ஐந்நூறைத் தாண்டாது என்று சொன்னார். பீர் முகம்மது தயங்கி, அப்படியென்றால் போடலாமா என்று கேட்டார்.

"போட வேண்டாம்னு நான் சொல்லவே இல்லீங்களே, பாய். எல்லாப் பக்கமும் வீணாப் போறதத்தான் நான் நிறுத்தச் சொல்லுவேன். இது வீணில்லீங்க."

ஷார்ஜாவில் ஃபர்சானா மூன்று நாள் அம்மாவிடம் சரியாகப் பேசவில்லை. நான்காம் நாள் குழந்தைகளுக்குக் காப்பகம் பார்த்தாள். ஐந்தாம் நாள் நோன்புக்கு முன்னால் வருகிற மாதிரி டிக்கெட் போட்டாள்.

பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை. காலை 5.17.

முந்தின நாள் சாயங்காலம்தான் மெஹராஜ் வந்திருந்தார். பயணக் களைப்பில் அசந்து தூங்கினார். பீர் முகம்மது சத்தம் போடாமல் கீசரைப் போட்டார். 5.32க்குப் பாங்கு சொன்னதும் வாளியில் தண்ணீர் பிடித்து, மணைப்பலகையைப் போட்டு, சுவிட்சை அணைத்தார். அசதியில் எழுந்திருப்பாரோ மாட்டாரோ என்று ஒரு நொடி நின்று பார்த்துவிட்டு, எழுப்ப மனமில்லாமல் பள்ளிவாசலுக்கு நடந்தார்.

6.05க்குத் திரும்பி வந்தார். பத்தொன்பது மாதத்துப் பழக்கத்தில், செடிக்கு ஊற்றலாம் என்று பாத்ரூம் விளக்கைப் போட்டுக் குனிந்து வாளியைத் தூக்கினார். கனக்கும் என்று நினைத்துத் தூக்கிய கை சட்டென்று மேலே வந்தது.

வாளி காலியாக இருந்தது. பலகை முழுக்க ஈரம். அறையில் மெஹராஜ் மெல்லிய குரலில் ஓதிக்கொண்டிருந்தார்.

பீர் முகம்மது வாளியைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் குரலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். காலை ஒன்பது மணி வரைக்கும் பாத்ரூமில் விளக்கு வீணாக எரிந்துகொண்டே இருந்தது.